பத்தாம் பக்கம்

சிவகாசியில் ஒரு அச்சுக் கம்பெனியில் நான் புரூஃப் பார்க்கிறேன். காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை என்று தமிழ் எழுத்து உள்ள எதுவும் என் மேஜைக்கு வந்துவிட்டுத்தான் மிஷினுக்குப் போகும். மூன்று வருடங்களுக்கு முன்பு சென்னைப் பதிப்பகம் ஒன்று குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. கதையையும் நாங்களே தர வேண்டும் என்றார்கள். எழுத ஆள் கிடைக்கவில்லை. முதலாளி என்னிடம், "நீங்களே ஒண்ணு எழுதிப் பாருங்களேன்" என்று தள்ளிவிட்டார்.

பதிப்பகம் ஒரு தாளும் அனுப்பியிருந்தது. அதில் ஒரு வட்டம். உலகத்துப் புராணங்களிலும் நாட்டுப்புறக் கதைகளிலும் நாயகன் ஒரே பாதையில்தான் போகிறானாம். வீட்டில் இருப்பவனுக்கு ஓர் அழைப்பு வரும். முதலில் தயங்குவான். யாராவது வழி காட்டுவார்கள். எல்லையைத் தாண்டுவான். சோதனைகள் வரும், அதில் பெரியதில் செத்துப் பிழைப்பான். கடைசியில், மற்றவர்களுக்குப் பயன்படும் ஏதோ ஒன்றோடு வீடு திரும்புவான். பதினாறு பக்கத்தில் எது எங்கே வர வேண்டும் என்றும் குறித்திருந்தார்கள். தயக்கம் மூன்றாம் பக்கம். பெரிய சோதனை பத்தாம் பக்கம்.

எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. எங்கள் பக்கத்துச் சாமிகளில் பாதிப்பேர் போன இடத்தில் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள். உயிரோடு திரும்பி வந்தவனுக்கு யாரும் பொங்கல் வைத்து நான் பார்த்ததில்லை.

பைண்டிங் பிரிவில் ஆனைக்குட்டத்திலிருந்து வரும் ஒரு பெண் மதியச் சாப்பாட்டுக்கு என்னோடு உட்காருவாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். அவள் கணவர் முன்பு லாரி டிரைவர். வடக்கே நடந்த விபத்தில் ஒரு கால் போய், இப்போது எடைமேடை ஒன்றில் ரசீது போடுகிறார். அதுவரை அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அன்று அந்தத் தாளைக் காட்டி விளக்கினேன். விரலால் வட்டத்தைச் சுற்றி வந்தவள், "நான் நாக்பூருக்குப் போனது இப்படித்தானக்கா" என்றாள்.

நான்கு மதியங்களில் சொல்லி முடித்தாள். பட்டாசு லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவள் கணவர் ஓட்டிய லாரி, நின்றுகொண்டிருந்த இன்னொரு லாரியில் மோதியது. பின்னால் வந்த நாமக்கல் டிரைவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு இவளுக்குப் போன் செய்தார். கணவரின் தம்பிக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலை. அவன் போவான் என்று ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தாள். மறுநாள் காலையில் அவன், "சீசன் நேரம் மதினி, லீவு தர மாட்டேங்காக" என்றான். மதுரைக்கு வடக்கே போயிராதவள், மகளைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். எந்த ஸ்டேஷனில் இறங்குவது, எந்த ரயிலுக்கு மாறுவது என்று நாமக்கல்காரர் போனிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். ரயிலில் உட்கார இடமில்லை. கக்கூஸ் பக்கத்தில் நின்றபடியே நாக்பூர் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே அவள் பேச்சு புரிந்தது ஒரு மலையாளத்து நர்ஸுக்கு மட்டும்தான். கால் அழுகத் தொடங்கிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று அந்த நர்ஸ்தான் எடுத்துச் சொன்னார். கணவருக்கு நினைவில்லை. கையெழுத்துப் போட வேறு ஆளும் இல்லை.

"போட்டேன்க்கா. எம்பேரு மூணெழுத்துத்தான். அத எழுத அம்புட்டு நேரமாச்சு."

நான் பெரிதாக எதுவும் சேர்க்கவில்லை. அவள் சொன்னதைப் பதினாறு பக்கத்துக்குப் பிரித்து, படங்களுக்கு இடம் விட்டு, புரூஃப் எடுத்து, ஒரு மதியம் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ரயில் வரும் இடத்தில் சிரித்தாள். பத்தாம் பக்கம் முடிந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது அவருக்குத் தெரியாதுக்கா."

"எது?"

"நான் கையெழுத்துப் போட்டது. முழிச்சதும், 'யாரு எடுக்கச் சொன்னது?'ன்னு கேட்டு அழுதாரு. நான் வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டாகன்னு சொல்லிட்டேன். ஒரு நாளு முந்திப் போயிருந்தா காலு தப்பிச்சிருக்குமோ என்னமோ. அதான்."

அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம், வேறு ஏதாவது சோதனை எழுதிக்கொள்ளலாம் என்றேன். அவள் எழுந்து போய் டிபன் பாக்ஸைக் கழுவிவிட்டு வந்தாள். பிறகு பதினாறு பக்கங்களையும் கேட்டு வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள். சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள்.

"வாசிச்சாரு."

"என்ன சொன்னார்?"

"முருங்கைக்கீரை வாங்கிட்டு வந்திருந்தேன். எடுத்து வச்சு உருவிக்கிட்டே இருந்தாரு. அம்புட்டுக் கீரையவும்."

புரூஃப் எடுத்த அன்றே பதிப்பகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். அதே வாரம் அவர்களிடமிருந்து பதில் வந்தது. நாயகி யாரையும் ஜெயிக்கவில்லை, குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் என்று கதையைத் திருப்பிவிட்டார்கள். மலைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவரும் இளவரசன் ஒருவனை இரண்டு நாளில் எழுதிக் கொடுத்தேன். அது உடனே ஓகே ஆகி அச்சுக்குப் போனது. அதைத் தைத்தவர்களில் அவளும் ஒருத்தி.

இளவரசன் பைண்டிங்கில் இருந்த நாட்களில் ஒரு சாயங்காலம், யாரோ பார்க்க வந்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். கேட்டருகே செயற்கைக் காலும் கைத்தடியுமாக ஒருவர் நின்றிருந்தார். கையில் அந்தத் தாள்கள். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தன.

"நீங்கதான் எழுதுனீகளா?"

"ஆமா. அவ சொன்னதைத்தான் எழுதினேன்."

"தெரியும்." மூன்றாம் பக்கத்தைப் பிரித்து விரலை வைத்தார். "இவ ஒரு நாளு தயங்கி நின்னான்னு எழுதியிருக்கீக. அத எடுத்திருங்க. தம்பி போவான்னு இருந்திருக்கா. அது தயக்கம் இல்ல."

அந்தக் கதை அச்சாகப் போவதில்லை என்று சொன்னேன். தாளை என் பக்கம் நீட்டினார்.

"இருந்தாலும் எடுத்திருங்க."

பத்தாம் பக்கத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பேனாவை எடுத்து, மூன்றாம் பக்கத்தில் அந்த வரியை அவர் கண் முன்னாலேயே அடித்துக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஷிப்ட் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், நிற்பதாகச் சொன்னார். அவள் வெளியே வந்து அவரைப் பார்த்ததும், "இங்கன எதுக்கு வந்தீக?" என்று கேட்டாள். "சும்மாதான்" என்றார். அவள் அவருடைய நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொள்ள, இருவரும் பஸ் ஸ்டாப் பக்கம் போனார்கள்.