முதலாளி ஏசாத காலை

உரும்பிராயில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் முதலாளி வாய் திறந்தாலே ஏச்சுத்தான். அறைக் கதவைச் சாத்திவிட்டாரென்றால் ஒருவரும் தட்டக்கூடாது. அந்த நேரம்தான் எங்களுக்கு நிம்மதி.

கந்தசஷ்டி விரத நாளொன்றில், வந்ததும் வராததுமாக எல்லோரையும் ஏசிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில், உரம் இறக்க வந்த லொறி பின்னால் வருகையில் வாசல் கேற்றில் படாரென்று மோதியது. ஒரு மூட்டை கிழிந்தாலே தெருவுக்குக் கேட்கக் கத்துகிற மனிதர். ஏச்சுக்குக் காத்து நின்றோம். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"அண்ணை, ஐயா ஏன் ஏசேல்லை?" என்று கூட வேலை செய்யும் சிவா அண்ணையிடம் கேட்டேன்.

"விரதமெல்லே, படுத்திருப்பார். தட்டிப் போடாதை பிள்ளை, வேலை போயிடும்."

எனக்கு மனம் கேட்கவில்லை. அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. தட்டினேன்; பதில் இல்லை. கதவைத் திறந்தேன். முதலாளி சட்டை நனைய வியர்த்து, மேசையில் சரிந்திருந்தார். என்னைப் பார்த்தார், ஆனால் நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. சிவா அண்ணை சீனித் தண்ணீரை மெல்ல மெல்லப் பருக்கினார். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சாப்பிடாமல் மருந்துக் குளிசை போட்டதில் இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டதாம். இன்னும் சுணங்கியிருந்தால் ஆள் தப்பியிராது என்றார் டொக்டர்.

முதலாளி கடைக்குத் திரும்பிய அன்றே என்னைக் கூப்பிட்டார். "ஆரைக் கேட்டு உள்ளை வந்தனீர்?"

அவர் மாறவில்லை. நான்தான் இப்போது கதவு சாத்தியிருந்தால் போய்த் தட்டுகிறேன். "என்ன!" என்று உள்ளேயிருந்து சீறுவார்.

"ஒண்டுமில்லை ஐயா" என்றுவிட்டு நிம்மதியாகத் திரும்புவேன்.