பத்துக் கட்டிலிலும் எழுந்தவள்

ஓஹாயோ கட்டில் கம்பெனியின் முப்பதாம் ஆண்டு மலரில், அந்தப் பெயர் வந்த கதை இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. நிறுவனர் குரேபயாஷி தொகுஜி ஒரு விடியற்காலையில் ஹமானா ஏரிக்கரையில் நின்றாராம். தண்ணீரிலிருந்து சூரியன் எழுந்ததாம். உலகத்தார் எல்லோருக்கும் “ஓஹாயோ” என்று காலை வணக்கம் சொல்ல வேண்டும்போல அவருக்கு இருந்ததாம்.

தெராதா மிட்சுயோ அதைத் தையல் மேசைமேல் வைத்து இரண்டு தடவை படித்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“எட்டு மணிக்கு முன்னாடி முதலாளி சூரியனப் பார்த்ததே கிடையாது. எழுந்தது சூரியன் இல்ல, நான்” என்றாள்.

ஹமமாட்சு ஊரில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் மிட்சுயோ சொன்னதைத்தான் சொல்வார்கள்.

அது 1958-ஆம் வருஷம். மிட்சுயோவுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. டோஃபு கடைக்கு மேலே ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். குரேபயாஷியின் பட்டறையில் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு உறை தைப்பது அவள் வேலை. அந்நாளில் ஹமமாட்சுவில் தடுக்கி விழுந்தால் ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனி வாசலில்தான் விழ வேண்டும். அவையெல்லாம் மழைக்காளான் போல முளைத்து, வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகச் சுருண்டன. சீட்டு வாங்க ஆளில்லை. பட்டறை மூலையில் சுருள்கம்பிகள் மலையாகக் குவிந்து கிடந்தன.

“உட்கார்ற கம்பி படுக்கிறதுக்கு ஆகாதா?” என்றார் குரேபயாஷி. அந்த ஒரு கேள்வியை நம்பிப் பத்துக் கட்டில்கள் செய்தார்கள். ஊரிலேயே பெரிய கடையின் நாலாவது மாடியில், வெள்ளியிலிருந்து ஞாயிறுவரை மூன்று நாள் வைத்து விற்க இடம் கிடைத்தது. விற்றால் பட்டறை உண்டு. விற்காவிட்டால் திங்கட்கிழமை பூட்டு.

பூட்டினால் மிட்சுயோ எங்கே போக வேண்டும் என்பதும் தயாராக இருந்தது. ககேகாவாவில் இருந்த அண்ணி, ‘உனக்கென்று மாடி அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வா’ என்று மூன்று கடிதம் எழுதிவிட்டாள். அண்ணிக்கு நாலு பிள்ளைகள், இரண்டு பசுக்கள், படுத்த படுக்கையாக அவளைப் பெற்ற தகப்பனார். அந்த மாடி அறையில் தான் எத்தனை மணி நேரம் இருக்க முடியும் என்று மிட்சுயோவுக்குக் கணக்குப் போடத் தெரியும்.

கட்டிலுக்குப் பெயர் வேண்டுமே. கட்டில் வெளிநாட்டுச் சாமான், பெயரும் வெளிநாட்டுப் பெயராக இருக்கட்டும் என்று குரேபயாஷி தன் பையனுடைய உலக உருண்டையைக் கொண்டுவந்தார். கண்ணை மூடிச் சுற்றிவிட்டு விரலை வைத்தார். இரண்டு தடவை கடலில் விழுந்தது. மூன்றாவது தடவை டென்மார்க்.

“அந்த ஊர்க்காரங்க எதுல படுப்பாங்கன்னு தெரியுமா முதலாளி?” என்று மிட்சுயோ கேட்டாள்.

“கட்டில்லதான். வேற எதுல?”

“ஒருவேள நம்மள மாதிரி தரையில படுத்தா?”

“அவங்க இங்க வந்து பார்க்கவா போறாங்க? நீ உன் ஊசியப் பாரு தாயே.”

பத்துப் பலகைகளில் ‘டென்மார்க் கட்டில்’ என்று பொன் நிறத்தில் எழுதியாயிற்று.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குக் குறைவில்லை. வந்தவர்கள் மெத்தையை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார்கள். ஆனால் ஒருவரும் உட்காரவில்லை. “இத எப்பிடிங்க மடிச்சு அலமாரியில வைக்கிறது?” என்றாள் ஒருத்தி. மடிக்க முடியாது என்றதும் அவள் முகம் சுருங்கியது. “அப்ப பகலெல்லாம் விரிச்சேவா கிடக்கும்? வர்றவங்க பார்த்தா, சோம்பேறிப் பொம்பள வீடுன்னு சொல்ல மாட்டாங்களா?” அவள் சொன்னதைக் கேட்டுப் பின்னால் நின்ற ஏழெட்டுப் பெண்களும் கையை எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு விற்றது பூஜ்யம்.

சனிக்கிழமை குரேபயாஷி ஒரு யோசனையோடு வந்தார். யாராவது ஒருவர் படுத்துக் காட்ட வேண்டும். ஆண் படுத்தால் குடிகாரன் என்பார்கள். ஆகவே மிட்சுயோ.

“நானா? நாலு பேர் பார்க்கவா?”

“வேலைய நினைச்சுப் பாரு. உங்க அண்ணிய நினைச்சுப் பாரு.”

அண்ணியை நினைத்தாள். ஏறிப் படுத்தாள்.

“நேரா படு. காலச் சேத்து வை. ஆடாத, கம்பி ஆடுதுன்னு நினைப்பாங்க. அந்த வெடிச்ச விரலெல்லாம் தெரியுது பாரு, கைய நெஞ்சு மேல கோத்து வச்சுக்க” என்று குரேபயாஷி சுற்றிச் சுற்றி வந்து சரிசெய்தார். கழுத்துவரை வெள்ளைப் போர்வையை இழுத்துவிட்டார். திருப்தியாக இருந்தது. சோபா நூடுல்ஸ் சாப்பிடப் போனார்.

வெட்கம் தாங்காமல் மிட்சுயோ தன் வெள்ளைக் கைத்துண்டை எடுத்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டாள். பத்து நாளாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை. பத்துக் கட்டிலுக்கும் உறை தைத்தவள் அவள்தான். துண்டுக்குள் இருட்டாக, கதகதப்பாக இருந்தது. கண் செருகிவிட்டது.

அங்கே பிணத்தைத்தான் வடக்கே தலைவைத்து, முகத்தில் வெள்ளைத் துணி போட்டுக் கிடத்துவார்கள். அதனால் வீட்டுக்குள் திசை தெரியாத ஆள் அந்த ஊரில் கிடையாது. ஆனால் கடையின் நாலாவது மாடியில், தூணுக்கும் விளக்குக்கும் தோதாகக் கட்டிலைப் போட்டவர்கள் திசையை மறந்துவிட்டார்கள். குடை பழுது பார்க்கும் சுகனுமா என்ற கிழவர்தான் முதலில் வந்தார். வெள்ளைத் துணி போட்ட முகத்தைப் பார்த்தார். கோத்த கையைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே, வடக்கே நிற்கும் ஊர்க் கோட்டையைப் பார்த்தார்.

“கோட்டை அந்தப் பக்கம். அப்ப, தல வடக்க” என்றார். தொப்பியைக் கழற்றிக் கை குவித்தார்.

அவர் கும்பிட்டதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் கும்பிட்டார்கள்.

“ஐயோ பாவம். கடையிலயேவா?”

“சும்மா படுத்துப் பார்த்திருக்கா. அவ்வளவுதான்.”

“நான்தான் நேத்தே சொன்னேனே, வெளிநாட்டுச் சாமான்னு.”

“டென்மார்க்காம். பலகை போட்டிருக்கு பாருங்க. அங்கெல்லாம் ஜனங்க எப்பிடித்தான் உயிரோட இருக்காங்களோ.”

யாரோ ஒரு பெண் மெல்லிய குரலில் புத்த மந்திரம் சொல்லத் தொடங்கினாள். சுகனுமா பையைத் துழாவினார். வேறொன்றும் அகப்படாததால் ஒரு மிகான் ஆரஞ்சை எடுத்துத் தலைமாட்டில் வைத்தார். கூட்டம் முப்பது, நாற்பது என்று பெருகியது. எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள்.

அந்தச் சமயம் பார்த்துக் குரேபயாஷி படியேறி வந்தார். இத்தனை கூட்டத்தை அவர் இரண்டு நாளில் கண்டதில்லை. கட்டிலைச் சுற்றி முண்டியடிக்கிறார்கள்! அவருக்கு வாயெல்லாம் பல்.

“பத்து இருக்கு! தள்ளாதீங்க! அவசரப்படாம வரிசையா வாங்க, எல்லாருக்கும் கிடைக்கும்!” என்று கத்தினார்.

அந்தச் சத்தத்தில் மிட்சுயோ விழித்துக்கொண்டாள். எங்கே இருக்கிறோம் என்பது பிடிபடவில்லை. விழித்தவுடன் எவரும் சொல்வதைச் சொன்னாள். துணி மடியில் விழ நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே நின்ற நாற்பது பேரையும் பார்த்து, “ஓஹாயோ” என்றாள்.

மந்திரம் சொன்னவள் மயங்கிச் சாய்ந்தாள். நாலைந்து பேர் படிக்கட்டை நோக்கி ஓடினார்கள். சுகனுமா மட்டும் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார்.

மிட்சுயோ தலைமாட்டைப் பார்த்தாள். “இத யாரு வச்சது? சாப்பிடலாமா?” என்று கேட்டாள். அவளுக்குப் பசி. பதிலுக்குக் காத்திராமல், காலைக் கீழே விட்டு எழுந்து நின்று உரிக்கத் தொடங்கினாள்.

கடையின் மாடி மேலாளர் அசாஹினா, காலர் கசங்க ஓடிவந்தார். “ஆறு மணிக்குள்ள எல்லாத்தையும் காலி பண்ணுங்க. பொணம் கிடந்த கட்டில இனி எவன் வாங்குவான்?”

“பொணம் எங்கய்யா கிடந்துச்சு? இதோ ஆரஞ்சு திங்குதே!” என்றார் குரேபயாஷி. மிட்சுயோவுக்கு வாயில் இருந்த சுளை கசந்தது. ககேகாவாவின் மாடி அறை கண்முன் வந்து நின்றது.

அப்போது சுகனுமா மெதுவாக முன்னால் வந்தார்.

“தாயே, நீங்க எப்படி எழுந்தீங்க?”

“எப்படின்னா? எழுந்தேன்.”

“கையை ஊன்றலையே. முட்டி போடலையே. கால கீழ விட்டீங்க, அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரிக்கு முட்டி போச்சு. தினம் காலையில தரையிலேர்ந்து அவள எழுப்ப நானும் பக்கத்து வீட்டுக்காரனும் சேர்ந்து இழுக்கணும். அவன் இப்பல்லாம் கதவத் திறக்கிறதே இல்ல.”

மிட்சுயோ கடைசிச் சுளையை விழுங்கினாள். பிறகு அசாஹினாவைப் பார்த்துச் சொன்னாள்: “கேட்டீங்களாய்யா? படுக்கிறதுக்கு யாருக்குக் கட்டில் வேணும்? எங்க வேணாலும் படுத்துக்கலாம். இது எழுந்திரிக்கிறதுக்கு. பகலெல்லாம் விரிச்சுக் கிடந்தா என்ன, ஆளு எழுந்து வேலை செஞ்சா போதாதா?”

மயங்கி விழுந்த பெண்ணுக்குத் தண்ணீர் தெளித்துக் கட்டிலில்தான் உட்கார வைத்திருந்தார்கள். அவள் மெத்தையில் இரண்டு தடவை குலுங்கிப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

சுகனுமா ஒரு நிபந்தனை போட்டார். அவருக்கு அந்தக் கட்டிலேதான் வேண்டும், அவள் எழுந்த அதே கட்டில். பக்கத்தில் இருந்ததை வேண்டாம் என்றுவிட்டார். “அதுல யாரும் எழுந்திரிக்கலையே.” ஒன்று விற்றதைப் பார்த்த அசாஹினா, காலரைச் சரிசெய்துகொண்டு, ஞாயிறுவரை இருக்கட்டும் என்றார்.

சேதி சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவியது. செத்தவள் எழுந்து ஆரஞ்சு தின்ற கட்டிலைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை கடைவாசல்வரை வரிசை நின்றது. கட்டில்களையெல்லாம் தெற்கே தலை வைத்துத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஆனால் வாங்க வந்தவர்கள் எல்லோருமே சுகனுமாவின் நிபந்தனையைத்தான் போட்டார்கள். வேறு வழி? மிட்சுயோ ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் படுத்தாள், கண்ணை மூடினாள், எழுந்து “ஓஹாயோ” என்றாள். கூட்டம் கைதட்டியது. ஆறாவது கட்டிலில் நிஜமாகவே தூங்கிவிட்டாள். அதற்குக் கைதட்டல் அதிகம். ஒன்பது விற்றன. பத்தாவதை வாங்கவும் ஆள் வந்தது. மிட்சுயோ அதில் படுத்துக்கொண்டு எழ மறுத்துவிட்டாள்.

“இது எனக்கு முதலாளி. சம்பளத்துல பிடிச்சுக்குங்க. இல்லேன்னா நான் செத்தது செத்ததுதான்.”

அதோடு டென்மார்க் போயிற்று. பொன் எழுத்துப் பலகைகளைக் கீழே எறிய மனமில்லாமல், எழுத்து தரைப்பக்கமாக இருக்கும்படி அந்தந்தக் கட்டிலின் மெத்தைக்கடியில் சட்டங்களாக அடித்துவிட்டார் குரேபயாஷி. புதுப் பெயரை யாரும் வைக்கவில்லை. திங்கட்கிழமை பட்டறைக்கு வந்தவர்களெல்லாம் “அந்த ஓஹாயோ கட்டில் இருக்கா?” என்றுதான் கேட்டார்கள். அண்ணிக்கு மிட்சுயோ ஒரு வரி எழுதிப் போட்டாள்: ‘மாடி அறையில் வெங்காயம் காயப் போடுங்கள்.’

அதன்பின் இருபத்தெட்டு வருஷம், புதிய மாடல் எது வந்தாலும் முதல் கட்டிலில் மிட்சுயோ படுத்து எழுந்த பிறகுதான் வண்டி ஏறும். கம்பெனிக் காகிதத்தில் அதற்குத் ‘தரப் பரிசோதனை’ என்று பெயர். “உலகத்துலயே தூங்குறதுக்குச் சம்பளம் வாங்குறவ நீ ஒருத்திதான்” என்று குரேபயாஷி சொல்வார். “தூங்குறதுக்கு இல்ல முதலாளி, எழுந்திரிக்கிறதுக்கு” என்பாள்.

எண்பத்து நாலாவது வயதில், ஒரு டிசம்பர் காலையில், அந்தப் பத்தாவது கட்டிலில் அவள் இறந்தாள். டோஃபு கடைக்கு மேலேயே, அதே அறையில். வடக்கே தலை திருப்ப வேண்டும் என்றார்கள். இரும்புக் கட்டில். சுகனுமாவின் பேரன், குரேபயாஷியின் மகன், டோஃபு கடைக்காரர் மூவரும் மூச்சுப் பிடித்துத் தூக்கித் திருப்பினார்கள். கட்டில் சாய்ந்தபோது அடியில் மங்கிய பொன் எழுத்து தெரிந்தது. டென்மார்க்.

முகத்தின்மேல் வெள்ளைத் துணியைப் போட்டார்கள். பேரன் பையிலிருந்து ஒரு மிகானை எடுத்துத் தலைமாட்டில் வைத்தான். துறவி வந்து உட்கார்ந்தார். மந்திரம் தொடங்க மணியை எடுத்தார்.

“கொஞ்சம் பொறுங்க சாமி” என்றார் குரேபயாஷியின் மகன். கம்பெனித் தலைவர், அறுபது வயது மனிதர். முகம் சிவந்துவிட்டது. “ஒரு அஞ்சு நிமிஷம்.”

ஏன் என்று துறவி கேட்கவில்லை. அவரும் ஹமமாட்சுக்காரர்தான். மணியைக் கீழே வைத்துவிட்டு, மற்றவர்களைப் போலவே அந்தத் துணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிஷம் பத்தாயிற்று. கீழே டோஃபு கடையில் யாரோ வாளியை உருட்டினார்கள். நல்ல சத்தம். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து துணியைப் பார்த்தார்கள்.

பிறகு துறவி மணியை அடித்தார்.