ஐம்பத்தெட்டு கிராம் குறைந்த கெட்டில்

அந்தச் சோதனைக்கூடத்தில் அவளுக்குத் துருவி என்று பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்கிறாள் என்று யாரோ வைத்தது, பதினேழு வருடத்தில் சொந்தப் பெயரையே விழுங்கிவிட்டது. மின்சாதனங்கள் கடைக்குப் போகுமுன் அவற்றைச் சூடாக்கி, நனைத்து, கீழே போட்டு, ஷாக் அடிக்குமா என்று பார்ப்பது அவள் வேலை. மேஜைக்கு வரும் எந்தச் சாமானும் தன்னிடம் பொய் சொல்லத்தான் வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே ஆரம்பிப்பாள். வீட்டிலும் அதே புத்திதான். வெளியூர் போய் ஓட்டல் அறைக்குள் நுழைந்தால் கட்டில் மெத்தையைப் பார்க்க மாட்டாள், சுவரில் இருக்கும் பிளக்கைப் பார்ப்பாள். "உன்னைக் கூட்டிட்டு வந்தா தூக்கம் வராது," என்று கணவர் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஒருநாள் ஒரு கம்பெனியிலிருந்து மூன்று கெட்டில்கள் சோதனைக்கு வந்தன. கெட்டிலுக்கு இரண்டு காவல் உண்டு. தண்ணீர் கொதித்ததும் தானாக அணையும் ஸ்விட்ச் ஒன்று. அது பழுதானால் மின்சாரத்தை அறுத்துவிட அடியில் ஒரு சின்ன ஃபியூஸ். துருவி முதல் காவலை வேண்டுமென்றே கட்டிப்போட்டு, தண்ணீர் இல்லாமல் மூன்றையும் எரியவிட்டாள். மூன்றிலும் ஃபியூஸ் சரியான நேரத்தில் அறுந்தது. எல்லாமே பாஸ். அவளுக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளும் சாமானை அவள் பார்த்ததில்லை. ஆனால் காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வழக்கம்போல எடையை மட்டும் தன் சொந்த நோட்டில் எழுதிக்கொண்டாள். அதை யாரும் கேட்பதில்லை, அவளாக வைத்துக்கொண்ட பழக்கம்.

இரண்டு மாதம் கழித்து நாத்தனார் வீட்டுக்குப் போனபோது அதே கெட்டில் அடுப்பங்கரையில் இருந்தது. நாத்தனாரின் கணவர் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் கடை வைத்திருந்தார், அங்கிருந்து வந்தது. துருவி கையில் எடுத்ததுமே ஏதோ இடித்தது. மாவு நிறுக்கும் தராசில் வைத்தாள். நோட்டில் எழுதியிருந்ததைவிட ஐம்பத்தெட்டு கிராம் குறைந்தது.

"அண்ணி, டீ குடிக்க வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?" என்றாள் நாத்தனார்.

அவள் டீயை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினாள். மறுநாள் நாத்தனாரின் கணவர் கடைக்கே போய் அதில் ஒன்றை வாங்கி வந்து அடிப்பக்கத்தைக் கழற்றினாள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி, அதன்மேல் பார்வைக்கு ஃபியூஸ் மாதிரியே ஒரு வெள்ளை உறை. அடித்தகடு பாதி கனம். அந்த மூன்று கெட்டில்களுக்கும் பாஸ் போட்டது அவள் கைதான்.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், நம்மிடம் வந்த சாம்பிள் பாஸ், கடையில் இருப்பதைப் பார்ப்பது நம் வேலை இல்லை என்றார். அந்தப் பதில் இவ்வளவு தயாராக எப்படி இருந்தது என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய சந்தேகம் அறிக்கை எழுதுபவர்மேல் விழுந்தது.

அவர் அடுத்த மேஜை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்ப்பார். துருவி எழுதித் தரும் அளவுகளை அறிக்கையாக்குவது அவர் பொறுப்பு. கொஞ்ச நாளாக அவள் பக்கத்தில் வந்தாலே டிராயரை மூடினார். போன் வந்தால் மாடிப்படிக்குப் போய் அடங்கிய குரலில் பேசினார். ஒருநாள் அவர் பையிலிருந்து அதே கம்பெனிக் கெட்டிலின் அட்டைப்பெட்டி எட்டிப் பார்த்தது. கம்பெனி கொடுத்த அன்பளிப்பு என்றே துருவி முடிவு கட்டினாள். பத்து நாள் அவர் போவதையும் வருவதையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில்கூட முகம் கொடுக்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

பதினோராம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "சார், உங்க பையில இருந்த கெட்டில் யார் குடுத்தது?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கடையில வாங்கினேன். அதை நீங்க கேக்கறீங்க பாருங்க. விக்கிறது உங்க நாத்தனார் வீட்டுக்காரர்தானே?"

பிறகு அவரே சொன்னார். மூன்று கெட்டிலுக்கும் அவள் எழுதிய வெப்ப அளவுகள் புள்ளிக்குப் பின்னால்கூட ஒத்துப்போயின. இரட்டைப் பிள்ளைகள்கூட அப்படி இருக்க மாட்டார்கள். சோதனையே செய்யாமல் மனதுக்குத் தோன்றியதை எழுதிவிட்டாள் என்று நினைத்திருக்கிறார். அவளுடைய உறவினர் கடையில் அதே சாமான் விற்பது தெரிந்ததும் அது உறுதியாகிவிட்டது. ஒன்றை வாங்கித் திறந்து பார்த்து, தரக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் புகார் எழுதிவிட்டார்.

"என் பேரையும் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்."

துருவிக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கணக்கில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. "நானா இருந்தாலும் போட்டிருப்பேன்," என்றாள் கடைசியில். தன் நோட்டையும் திறந்து வைத்த கெட்டிலையும் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள். அன்று மதியம் இரண்டு பேரும் சேர்ந்து, அவர் வாங்கியதன் முதல் காவலைக் கட்டிப்போட்டுக் காலியாக எரியவிட்டார்கள். நாலு நிமிடத்தில் அடிப்பாகம் பழுத்துப் புகைந்தது. சோதனைக்கென்றே பார்த்துப் பார்த்துத் தனியாகச் செய்த மூன்று கெட்டில்களைக் கம்பெனி அனுப்பியிருக்கிறது என்பது அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது.

புகார் புகார்தான். அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு அதிகாரிகள் அவளைத் தனியறையில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் கேட்டார்கள். எந்த உறவு, எத்தனை தடவை அந்தக் கடைக்குப் போனாய், எதற்குப் போனாய். கேட்ட கேள்வியையே வேறு மாதிரி திருப்பிக் கேட்டார்கள். வாழ்நாளெல்லாம் சாமான்களுக்குத் தான் செய்ததைத் தனக்கே செய்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையைத்தான் சொன்னாள், ஆனாலும் தன் குரல் தனக்கே பொய் மாதிரி கேட்டது. தேதியோடு எழுதிய எடைக் குறிப்பும், சோதனை மேடைக் கருவி தானாகப் பதிந்து வைத்திருந்த அளவுகளும் அவளைக் காப்பாற்றின.

அதிகாரிகள் வெவ்வேறு கடைகளில் ஆறு கெட்டில் வாங்கினார்கள். ஒன்றில்கூட ஃபியூஸ் இல்லை. கம்பெனியின் சான்றிதழ் ரத்தானது, விற்றதையெல்லாம் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவு வந்தது. நாத்தனாரின் கணவர் கடை வாசலில் பெட்டிகள் மலையாகக் குவிந்தன. சொந்தம் என்றும் பாராமல் கழுத்தை அறுத்துவிட்டாள் என்று அவர் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். நாத்தனார் ஐந்து மாதம் பேசவில்லை. துருவியின் கணவர் மட்டும், "நீ செஞ்சது சரிதான். ஆனா ஒரு வார்த்தை அவங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்," என்றார். சொல்லாததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். நாத்தனாரின் கணவரும் இதற்கு உடந்தையோ என்று அவள் நினைத்திருந்தாள். அதைக் கணவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

ஆறாம் மாதம் நாத்தனாரே போன் செய்தாள். "அண்ணி, புதுசா இஸ்திரிப் பெட்டி வந்திருக்கு. விக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாக்கணுமாம், அவர் சொல்றார்."

துருவி போனாள். ஒயர் நுழையும் இடத்தில் பிடி ஆடியது. நாத்தனாரின் கணவர் ஒரு வார்த்தை கேட்காமல் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பினார்.