கருகிய ஜும்ஆ சட்டை

மருமகள் துணி தேய்க்கையில் லேசாகக் கருகல் வாடை வந்தால் போதும். கொடைக்கானல் பஜாருக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டில் நடந்த அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஞாபகம் வந்துவிடும்.

ஐப்பசி மாதம். புதன்கிழமை துவைத்த, அத்தா ஜும்ஆவுக்குப் போடும் ஒரே வெள்ளைச் சட்டை மூடுபனியில் காயவேயில்லை. தன் மகனுக்கு அக்காவைப் பெண் கேட்டிருந்த பழனிக்காரர் அன்று மலையேறி வந்திருந்தார். ஜும்ஆ தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து முடிவு சொல்வதாகப் பேச்சு. அக்கா கரியடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து, சட்டையை விரித்துப்போட்டிருந்தாள். வாடை வந்து நாங்கள் ஓடிப்போய் எடுப்பதற்குள் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிவிட்டது.

அம்மா தலையில் கைவைத்தாள். பள்ளிவாசலில் பாங்கு கேட்டது.

"வெரசாக் குடு. நான் அல்லாவுக்கு முன்னால நிக்கப் போறேன், சம்பந்திக்கு முன்னால இல்ல" என்று அத்தா வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அத்தா எப்போதும் முதல் வரிசை. பழனிக்காரர் பின்னால் நின்றால் அந்த முதுகைத்தானே பார்ப்பார்? தொழுகை முடியும்வரை நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

இருவரும் சேர்ந்தே வந்தார்கள். டீயை வாங்கியதும் பழனிக்காரர் கேட்டார்: "சட்டைய யாரு காய வச்சது?"

கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவே, "நாந்தாங்க" என்றாள்.

"எங்க ஊர்ல அடுப்பே வேணாம்மா. வெயிலு சும்மா கெடக்கு. வந்து காயப் போட்டுக்க."

அதுவரை சுவரோடு முதுகை ஒட்டவைத்துக்கொண்டு நின்ற அத்தா அப்போதுதான் உட்கார்ந்தார்.

இருந்தாலும், மருமகள் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பினால் நான் எழுந்து போய் அதைத் துணியிலிருந்து எடுத்து நிமிர்த்தி வைத்துவிடுகிறேன்.