சந்தனம் பூசிய அட்டை

உரக் கம்பெனியில் எனக்கு எழுபதுகளில் கணக்குப் போடும் வேலை. காகிதத்தில் அல்ல, கம்ப்யூட்டர் மெஷின் படிக்கும் ஓட்டை போட்ட அட்டைகளில். ஒவ்வொரு தொழிற்சாலையிலிருந்தும், ஒவ்வொரு கிடங்குக்கும், ஒவ்வொரு மாதமும் போகும் மூட்டைகளின் செலவை எல்லாம் சேர்த்துக் கூட்ட வேண்டும். ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில், அட்டைக்கு ஒரு கட்டளை. தொழிற்சாலைக்கு ஒரு சுற்று, அதற்குள் கிடங்குக்கு ஒரு சுற்று, அதற்குள் மாதத்துக்கு இன்னொரு சுற்று. ஆரம்பத்தில் கூட்டுத்தொகையைப் பூஜ்யமாக்கும் அட்டை ஒன்று, மூன்று சுற்றுக்கும் வெளியே நிற்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

ஊரப்பாக்கம் கிடங்கை மூடலாமா என்பதுதான் கேள்வி. அங்கேதான் என் அண்ணன் சூப்பர்வைசர். மூடினால் அவனுக்குத் திருச்சிக்கு மாற்றல். அண்ணிக்கோ அப்போதுதான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. இந்தக் கணக்கை என் தலையில் கட்டினார்களே என்று எரிச்சலாக வந்தது.

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் மெஷின் பதில் சொன்னது: திறந்திருப்பதே லாபம். அண்ணன் தாம்பரத்தில் என் வீட்டுக்கே மைசூர்பாகோடு வந்துவிட்டான். எனக்கு ஒரு விள்ளல் கூட இறங்கவில்லை. மெஷின் காட்டிய மொத்தச் செலவு ரொம்பச் சின்னது. வடக்கே இருக்கும் தொழிற்சாலையின் ரயில் வாடகை மட்டுமே அதைத் தாண்டுமே! மறுநாள் காலையில் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல் கதவோரமே நின்றேன். குரோம்பேட்டை வந்ததும் போனதும் தெரியவில்லை.

ஆபீஸில் அட்டைக்கட்டை எடுத்துப் பார்த்தேன். அடுக்கு குலையாமலிருக்கக் கட்டின் தலையில் நாங்கள் சாய்வாக ஒரு பென்சில் கோடு இழுத்து வைப்போம். ஒரே ஒரு அட்டையில் மட்டும் கோடு இல்லை. பூஜ்யமாக்கும் அட்டை! அதுவும் முதல் சுற்றுக்குள்ளே. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தொகை அழிந்து, கடைசியாக வந்ததன் செலவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தத் தொழிற்சாலை ஊரப்பாக்கத்துக்குப் பக்கம்; அதனால்தான் திறந்திருப்பது லாபமென்று வந்திருக்கிறது.

மெஷின் ஆபரேட்டரைப் பிடித்துக் கேட்டேன்.

"பூஜைக்கு எல்லார் கட்லேர்ந்தும் ஒரு அட்டை உருவி சாமி படத்தாண்ட வெச்சேன் மேடம். உன்து சந்தனம் ஒட்டிக்கினு மெஷின்ல சிக்கிச்சு, ஒரே பேஜார். அதான் நானே புதுசா ஒண்ணு பஞ்ச் பண்ணி சொருவிட்டேன். இன்னா, தப்பா பூட்ச்சா?"

திட்ட வாயெடுத்தேன். சாமிக்கு வைத்தவரை என்ன சொல்லித் திட்ட? அட்டையை அதன் இடத்தில் வைத்து மறுபடி ஓட்டச் சொன்னேன். இந்தத் தடவையும் திறந்திருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. மூடு என்று வந்தது. இன்னொரு முறை சரிபார்த்தேன், மாறவில்லை. விடை அச்சான தாளை மெஷினிலிருந்து கிழித்தெடுத்து மேலதிகாரி மேஜையில் வைத்துவிட்டு, நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் ஒன்றுதான் கேட்டான். "கூட்டல் சரிதானே?"

"சரிதாண்ணா."

தலையை ஆட்டிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அண்ணி மைசூர்பாகு டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

"மூட்டை, ரயில் வாடகை எல்லாத்தையும் கூட்டினியே. அவர் அங்க, நான் இங்கன்னு கெடக்கப்போறோமே, அதை எதுல கூட்டினே?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி மேல் இல்லை. அதைக் கூட்டச் சொல்லி யாரும் என்னிடம் அட்டை கொடுக்கவில்லை.