பதில் என்று நினைத்த சத்தம்

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அத்தையும் மாமாவும் குடியிருக்கிறார்கள். மாமாவுக்குச் சாயத் தொழிற்சாலையில் பாய்லர் வேலை. கோடையில் பாய்லரைக் குளிரவைத்துச் சுத்தம் செய்வார்கள். அவருக்கு நீண்ட விடுமுறை என்றால் அதுதான். விடுமுறை தொடங்கிய மறுநாளே இரண்டு பேரும் முதுகுப்பையும் தூண்டிலுமாக மலைக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள். கல்யாணமான வருடத்திலிருந்து அப்படித்தான்.

அத்தை பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்ப்பவள். அந்தக் கடைக்குக் கோடைதான் உயிர். ஒவ்வொரு வருடமும் முதலாளி ஒரு பாட்டம் கத்துவார்.

"ஊரே சட்டைக்கு நிக்குது. உனக்கு இப்ப மீன் கேக்குதா?"

"மீன் இல்லண்ணே, மனுஷன் கேக்குறாரு. வருஷம் பூரா நெருப்பப் பாத்துட்டிருக்காரு. கொஞ்ச நாள் தண்ணியப் பாக்கட்டும்."

மலையில் அவர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரே மடுவில் இரண்டு தூண்டில் போட்டால் சண்டை வருகிறது என்று, மாமா ஆற்றின் மேல்பக்கம் போவார், அத்தை கீழ்ப்பக்கம் இறங்குவாள். நடுவில் பாறைகளும் வளைவும் இருக்கும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கைபேசி அங்கே எடுக்காது, கூப்பிட்டாலும் ஆற்று இரைச்சலில் கேட்காது. அதனால் டிபன் பெட்டியின் மூடியைக் கரண்டியால் தட்டுவார்கள். ஒருவர் தட்டினால் மற்றவர் பதிலுக்குத் தட்டவேண்டும். ஆபத்து என்றால் விடாமல் தட்டவேண்டும். அதற்கும் பதில் வந்துவிட்டால், கேட்டுவிட்டது, வருகிறேன் என்று அர்த்தம். மற்ற மீன்பிடிக்காரர்கள் சிரிப்பார்கள். "மீன் புடிக்க வந்தீங்களா, மேளம் அடிக்க வந்தீங்களா?"

பாய்லர் இரைச்சலில் மாமாவின் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். மாமா வீட்டிலும் அப்படியே சமாளித்தார். முகம் பார்த்துப் பேசினால் போதும், சரியாகப் பதில் சொல்வார். அவர் திரும்பி நிற்கும்போது கேட்டால் பதில் வராது. "உங்க மாமாவுக்கு வயசாக வயசாகத் திமிர் கூடுது" என்று அத்தை என்னிடம் சொல்வாள்.

அத்தை கண்டிப்பானவள். "காலும் கண்ணும் காதும் நல்லா இருக்கிற வரைக்கும்தான் மலை. ஒண்ணு போனாலும் பேசாம வீட்டுல டிவி பாக்கணும், சொல்லிட்டேன்" என்று எப்போதோ சாப்பாட்டு மேசையில் சொல்லியிருந்தாள். மாமாவுக்கு அந்த மலையை விட்டால் வேறு எதுவும் இல்லை. சினிமா, சீட்டு, குடி, எதிலும் நாட்டமில்லாதவர். அதனால் மறைத்தார். மூடியின் மெல்லிய சத்தம்தான் அவர் காதை விட்டு முதலில் போனது. அத்தை தட்டுகிறாளா இல்லையா என்று தெரியாமலே, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தானாக ஒரு தட்டுத் தட்டிவைப்பார். அத்தை பதில் தட்டுவாள். கணக்கு சரியாகிவிடும். மூன்று கோடைகள் இப்படியே ஓடின.

போன வருடம், ஒரு மத்தியானம், அத்தையின் தூண்டில் முள் தண்ணீருக்குள் இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. எடுக்க இறங்கினாள். மேலே இருந்த கல் அசைந்து சரிந்து அவள் வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் முழங்கால் அளவுதான். கரையில் வைத்திருந்த மூடியை எட்டி எடுத்து விடாமல் தட்டினாள். சிறிது நேரத்தில் மேலிருந்து ஒரு தட்டு கேட்டது. நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அப்போது கரைக்கு மேலே பாதையில், மலையேற வந்த கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையைக் குவித்துக் கத்தினான்.

"ஆன்ட்டி, ஏதாவது உதவி வேணுமா?"

"வேணாம்பா, கால் லேசா மாட்டிக்கிச்சு. அவர் வர்றாரு, இப்பதான் பதில் தட்டினாரு. மேகம் கறுக்குது பாரு, நீங்க சீக்கிரம் இறங்குங்க."

அவர்கள் போய்விட்டார்கள்.

மலை உச்சியில் மழை கொட்டியது. ஆறு ஏறியது. அத்தை தட்டிக்கொண்டே இருந்தாள். நடுவில் இன்னொரு தட்டு வந்தது, பிறகும் ஒன்று. ஆள் மட்டும் வரவில்லை. வழியில் விழுந்துவிட்டாரோ, அதனால்தான் வரமுடியாமல் தட்டிக்கொண்டிருக்கிறாரோ என்று அவருக்காகப் பயந்தாளாம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு!

தண்ணீர் கலங்கினால் மீன் கடிக்காது. அதனால்தான் மாமா தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்தார். வந்தபோது தண்ணீர் அத்தையின் மார்புக்கு வந்திருந்தது. ஊன்றுகோலைக் கொடுத்துக் கல்லை நெம்பினார். கோல் முறிந்தது. அத்தை சொல்ல, அந்தப் பையன்களைத் தேடிச் சரிவில் உருண்டு புரண்டு ஓடினார். கீழே மழைக்கு ஒதுங்கியிருந்த அவர்கள் கயிற்றோடு திரும்பி வந்து, மூன்று பேருமாகக் கல்லை நகர்த்தினார்கள். உயிர் பிழைத்தது. பாதம் நசுங்கி, ரத்த ஓட்டமில்லாமல் நீலம் பாய்ந்திருந்தது. மருத்துவமனையில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அத்தைக்கு நினைவு தெளிந்தபோது அத்தையின் மகளும் நானும் அறையில் இருந்தோம். மாமா கட்டிலருகே நின்றார்.

"பதில் தட்டிட்டு ஏங்க வரல? எங்கயாவது விழுந்துட்டீங்களா?" என்று அத்தை கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் சட்டையெல்லாம் சேறு, முழங்கையில் சிராய்ப்பு. யாரும் நம்பியிருப்பார்கள்.

"பதில் இல்லம்மா அது. சும்மா தட்டினேன். நீ தட்டினது எனக்குக் கேக்கவே இல்ல."

"எப்பலேர்ந்து?"

"மூணு வருஷமா."

அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "கேட்டு வந்த பசங்கள நானே அனுப்பிட்டேனே" என்று சுவரிடம் சொன்னாள். மாமாவுக்கு அது போய்ச்சேரவில்லை. "என்னம்மா சொல்றா?" என்று மகளைக் கேட்டார்.

"உங்களுக்குத் தேவையில்லாதது" என்றாள் அவள்.

மாமா தானாகவே போய் ஃபோர்மேனிடம் காதைப் பற்றிச் சொன்னார். பாய்லரிலிருந்து எடுத்து வாசல் கேட் காவலுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது லாரி வந்தால் திறப்பார், போனால் மூடுவார். மகள் காதுக்கருவி வாங்கிக் கொடுத்தாள். அது எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டுகிறதாம், பேச்சைத் தவிர.

இந்தக் கோடையிலும் பாய்லரைக் குளிரவைத்திருக்கிறார்கள். மாமா வீட்டில் இருக்கிறார். அத்தை மோட்டார் பொருத்திய மெஷினை இடது காலால் அழுத்தித் தைக்கிறாள். கடை முதலாளி துணிக்கட்டை வீட்டுக்கே அனுப்புகிறார், அவருக்குச் சந்தோஷம். மாமா எதிரே உட்கார்ந்து நூல் பிசிர் வெட்டுகிறார். அத்தை அவரிடம் பேசுகிறாள். ஆனால் தலையை நிமிர்த்துவதில்லை, எதையும் இரண்டாம் முறை சொல்வதுமில்லை. மெஷின் நின்ற நேரத்தில் சொன்னால் பாதி அவருக்குப் புரியும். ஓடும்போது சொன்னால் எதுவும் புரியாது. அவர் கத்திரியை மடியில் வைத்துவிட்டு, அவள் நிமிர்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.