பெயர்க் கட்டம்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பாதி இருக்கிறது. மூலையில் தடவிய மஞ்சள் மங்கிவிட்டது. பின்பக்கத்தில் 'ராசுவின் அம்மா' என்று எழுதி, அதை அடித்து, மேலே 'பொன்னாத்தாள்' என்று திருத்தியிருக்கும். எழுதியவர் டீச்சர்.

தொண்ணூறுகளின் நடுவில் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் சூலூரில் பள்ளிக்கூட வேலை பார்த்தபடியே பிஎச்.டி. செய்தவர். காடு கழனி வேலையை விட்டுத் தறிக்கும் மில்லுக்கும் வந்த பெண்களைப் பற்றிய ஆராய்ச்சி. அவருடைய அம்மாவே அப்படி வந்தவர்தான். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளை அட்டை அட்டையாகக் கத்தரித்து, வெறுமையாக இருக்கும் பின்பக்கத்தில் குறிப்பெழுதுவார். பை பையாகச் சேர்ந்துவிட்ட அவற்றில் தேடியது கிடைக்காமல் தவித்துத்தான் எங்களிடம் வந்தார். கோடை விடுமுறைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும்.

எதில் ஏற்றுவது என்பதில் எனக்கும் முதலாளிக்கும் வாக்குவாதம். கடிதம் அடிக்கிற சாதாரண மென்பொருளே போதும், மளமளவென்று அடித்துத் தள்ளிவிடலாம் என்றேன். முதலாளியோ புதிதாக வாங்கிய டேட்டாபேஸைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பெயர், ஊர், வேலை என்று தனித்தனிக் கட்டங்கள். எந்த ஊரைக் கேட்டாலும் நொடியில் பிரித்துத் தரும் என்றார். டீச்சர் அதில் மயங்கிவிட்டார். ஒரே சங்கடம், பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் அது அடுத்த கட்டத்துக்கு விடாது.

முதல் அட்டையிலேயே மாட்டிக்கொண்டோம். ராசுவின் அம்மா. அடுத்தது, தறிக்காரர் மருமகள். எங்கள் பக்கம் வயதில் மூத்த பெண்களிடம் பெயரைக் கேட்பது மரியாதையில்லை, டீச்சரும் கேட்டிருக்கவில்லை. ஒரு புள்ளியை வைத்தால் மேலே போய்விடலாம் என்று வழி சொன்னேன். வைத்துப் பார்த்தார். திரையில் புள்ளிக்குக் கீழே புள்ளியாக இறங்கியதைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்தார்.

"எங்கம்மா பேரை எங்கியும் எழுதி நான் பார்த்ததில்லீங்க. இவங்களுக்கும் புள்ளி வெச்சுப்போட்டா எப்படி கண்ணு?" என்றார்.

பைகளோடு பஸ் ஏறிவிட்டார். எனக்கு ஒரே எரிச்சல். விடுமுறை கரைகிறது, இந்த அம்மா காரமடை வரைக்கும் பெயர் கேட்டு அலைகிறாரே என்று புலம்பினேன். ஆனால் திரும்பி வந்த அட்டைகளில் இண்டு இடுக்கெல்லாம் புது எழுத்து. பெயரைக் கேட்டதும் அந்தப் பெண்கள் முன்பு சொல்லாததையெல்லாம் சொன்னார்களாம். முதல் சம்பளத்தை யார் வாங்கிக்கொண்டார்கள், எந்த வேலையை மனதார வெறுத்தார்கள், எல்லாம். நான் வாயை மூடிக்கொண்டு அடித்தேன்.

ஒருநாள் பொன்னாத்தாளே டீச்சரோடு சென்டருக்கு வந்துவிட்டார். படிக்கத் தெரியாது. திரையில் அவர் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார்.

"இதை அழிச்சுப்போடாதீங்க அம்மணி," என்றார்.

விடுமுறையின் கடைசி வாரத்தில் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. முதல் பக்கத்தில் அத்தனை பெண்களின் பெயரும் இருந்தது. பட்டம் வாங்கிய கையோடு டீச்சர் இந்த அட்டையை எனக்குக் கொடுத்தார்.

இப்போது நானும் எழுதுகிறேன். குறிப்புகளைச் சேர்த்து வைக்க எத்தனையோ மென்பொருட்களை மாற்றிவிட்டேன். இன்றைக்கு வருபவை பரம சாது. எந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் ஏனென்று கேட்பதில்லை. வசதிதான். இருந்தாலும் புதிதாக ஒன்றை இறக்கியதும், கண்ணாடிக்கு அடியில் ஒருமுறை பார்த்துவிட்டு முதல் குறிப்பை அடிக்கிறேன்: பொன்னாத்தாள், சூலூர், தறி. இன்னும் அழிக்கவில்லை.